ஓர் ஓவியம், 4,096 துண்டுகள்!



தெருமுனையில் பிளக்ஸ் பேனர்களைப் பார்த்திருப்பீர்கள். கணினியில் படத்தைத் தயார் செய்து கொடுத்தால், இயந்திரம் சிறிது நேரத்தில் அச்சிட்டுத் தந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு என் பேத்தி ஒரு நாள், "தாத்தா, கம்ப்யூட்டரே இவ்வளவு அழகாகச் செய்கிறதே... நான் எதற்குக் கையால் வரைய வேண்டும்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதானே! பதிலுக்கு ஓர் ஓவியரின் கதையைச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1932-ல் பிறந்தவர் கெர்ஹார்ட் ரிக்டர். மலை, மரம், மனிதர் என எந்த உருவமும் இல்லாமல் நிறங்களை மட்டுமே வைத்து வரைவதை 'அரூப ஓவியம்' என்பார்கள். அதில் இவர் பெரிய கெட்டிக்காரர்.

துணித் திரையில் எண்ணெய் வண்ணங்களைப் பூசுவார். ஈரம் காய்வதற்குள் நீளமான பட்டைப் பலகையை அழுத்தி இழுப்பார். நாம் தரையில் தண்ணீர் தள்ளும் வைப்பர் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுபோல! ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்கும். அடியில் இருந்த நிறம் திடீரென்று எட்டிப் பார்க்கும். 1990-ல் அப்படிப் பிறந்ததுதான் 'அரூப ஓவியம் 724-4'.

சுமார் 20 ஆண்டுகள் கழித்து, அந்த ஓவியத்தின் புகைப்படத்தைக் கணினியில் ஏற்றினார் ரிக்டர். அதை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிரித்தார். பிறகு நான்கு, எட்டு, பதினாறு... இப்படி 12 முறை பிரித்தால் எத்தனை துண்டுகள்? பெருக்கிப் பாருங்கள். 4,096!

ஒரு காகிதத்தை ஏழெட்டு முறைக்கு மேல் பாதி பாதியாக மடிப்பதே கஷ்டம். கணினிக்கோ 12 முறையும் சுலபம். அசல் ஓவியத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

பிரித்த துண்டைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலத் திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். துண்டுகள் அகலமாக இருந்தபோது, வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள்போல இருபுறமும் ஒத்த வடிவங்கள் கிடைத்தன. துண்டுகள் மெலிந்து மெலிந்து வந்தபோது வடிவங்கள் மறைந்து, வெறும் வண்ணக் கோடுகளே மிஞ்சின. 2011-ல் அந்தக் கோடுகளை டிஜிட்டல் முறையில் அச்சிட்டார். அவற்றில் ஒன்று 2 மீட்டர் உயரம், 4.4 மீட்டர் அகலம்!

இந்தக் கலை அருங்காட்சியகத்தோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் தோலை என்ற ஊரில் மிகப் பழமையான மடாலயம் ஒன்று உண்டு. அதே 724-4 ஓவியத்திலிருந்து கிடைத்த வடிவங்கள் 2020-ல் அதன் தேவாலயத்தில் மூன்று பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல்களாயின. வெயில் பட்டதும் உள்ளே நிறங்கள் ஒளிரும்.

2024-ல் லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் ரிக்டரின் 'கோட்டுக் கோபுரம்' நின்றது. திறந்தவெளியில் காகிதம் மழைக்குத் தாங்குமா? அதனால் வண்ணக் கோடுகளைப் பீங்கான் ஓடுகளில் கொண்டுவந்திருந்தார்கள். பூங்காவுக்கு வந்த யாரும் அருகே போய்ப் பார்க்கலாம்.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருவோம். பிரித்ததும் திருப்பியதும் கணினிதான். ஆனால் எந்த ஓவியத்தை எடுப்பது, எப்படிப் பிரிப்பது, எதை அச்சிடுவது என்று முடிவு செய்தது மனிதர். 1990-ல் அவர் கையால் பலகையை இழுத்திருக்காவிட்டால், கணினிக்குப் பிரிப்பதற்கு எதுவுமே இருந்திருக்காது!

பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கிரேயான் பெட்டியைத் திறந்தாள்.

செய்து பாருங்கள்: உருவம் எதுவும் இல்லாமல், நிறங்களை மட்டும் வைத்து ஒரு படம் வரையுங்கள். அதன்மேல் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, மெல்ல நகர்த்துங்கள். படமும் பிம்பமும் சேர்ந்து புதுப்புது வடிவங்கள் தோன்றும். அவற்றில் எது அழகு? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்!