பூசணமும் உடற்காப்பும்

கச்சான் எனப்படும் நிலக்கடலையைக் கொறிக்கும்போது சில வேளைகளில் ஒரு பருப்பு கசக்கும். பலர் முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்த பருப்பைத் தின்று அக்கசப்பை மாற்றிக்கொள்வர். அது பூசணம் பற்றிய பருப்பாக இருத்தல் கூடும்.

பூசணம் வேறு, அது உண்டாக்கும் நஞ்சு வேறு. பூசணம் ஓர் உயிர். ஆதலின் நெருப்பில் மாண்டுவிடும். நஞ்சோ உயிரற்ற வேதிப்பொருள். கழுவினாலும் வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றும் நீங்குவதில்லை. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 100,000 வான்கோழிகள் இறந்தபோதுதான் அறிஞர்கள் இதனை நன்கு உணர்ந்தனர். தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கே காரணம். அதிலிருந்த நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயரிட்டனர்.

இது அயல்நாட்டுச் செய்தி என்று எண்ணிவிடலாகாது. கெடாவை அடுத்த பேராக் மாநிலத்தில், 1988 அக்டோபரில், லோ ஷி ஃபன் என்னும் மீ வகையை உண்ட 13 சீனக் குழந்தைகள் கல்லீரல் கெட்டு மாண்டனர். இறந்தோர் உடலில் அஃப்லாடாக்சின் காணப்பட்டது. போரிக் அமிலமும் உடன் காரணமாயிருக்கலாம் என்று கருதப்பட்டது.

இத்தகைய திடீர்ச் சாவு அரிது. சிறுகச் சிறுக உட்செல்லும் நஞ்சு செய்யும் கேடே பரவலானது. அது முதலில் தாக்குவது குடலை. குடலின் உட்சுவர் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆனது. சில நாட்களுக்கொரு முறை அது புதுப்பிக்கப்படுகிறது. அதற்குப் புரதம் இடையறாது உருவாக வேண்டும். கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் தோன்றும் டியாக்சினிவலெனால் என்னும் நஞ்சு அப்புரத ஆக்கத்தையே தடுக்கிறது. உயிரணுக்களைப் பிணைக்கும் கட்டுகள் தளர்கின்றன. நோய்க்கிருமிகள் உள்ளே புக வழி பிறக்கிறது. 1987இல் காசுமீரப் பள்ளத்தாக்கில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த கோதுமையை உண்ட மக்கள் பலர் வயிற்று நோயால் துன்புற்றனர்.

மதில் இடிந்தால் காவலர் தடுக்கவேண்டும் அன்றோ? உடலின் காவலர்களான நோயெதிர்ப்பு உயிரணுக்களில் பெரும்பகுதி குடலைச் சூழ்ந்தே உள்ளன. அஃப்லாடாக்சின் அவற்றின் பெருக்கத்தைக் குறைக்கிறது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், இரத்தத்தில் இந்நஞ்சின் தடம் காணப்பட்ட சிறுவரின் உமிழ்நீரில் காப்புப் புரதம் குறைந்திருந்தது. மதிலும் காவலும் ஒருங்கே தளர்ந்த குழந்தை அடிக்கடி நோயுறும், உண்ட உணவு உடலில் ஒட்டாது, வளர்ச்சி குன்றும். பெற்றோர் அதனைச் ‘சவலைப் பிள்ளை’ என்று சொல்லிவிடுவர். காரணம் அடுக்களையிலும் இருக்கக்கூடும் என்று நினையார்.

வெப்பமும் ஈரமும் கூடிய இடமே பூசணத்துக்கு உகந்தது. சிடாம் கிரி, சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய ஊர்களின் தட்பவெப்பமும் அத்தகையதே. ஆகவே கடலை, மிளகாய் வற்றல், மக்காச்சோளம் ஆகியவற்றைச் சிறிதளவாக வாங்கி, நன்கு உலர்ந்த, காற்றுப் புகாத கலத்தில் வைத்தல் வேண்டும். பூசணம் பற்றியதை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதை உண்பதும், கோழிக்கோ மாட்டுக்கோ இடுவதும் தவறு. பசு உண்ட நஞ்சு பாலிலும் வரும்.

வகுப்பில் ஆசிரியர் சொல்லும் ஒரு சொல் பல இல்லங்களுக்குச் செல்லும். ‘கசக்கும் பருப்பை விழுங்காதே, துப்பிவிடு’ என்று மாணவருக்குச் சொல்லிவைப்பது நன்று.