பாலைக் காற்றில் ஒரு குவளை நீர்

மழைக்காலத்தில் சமையலறையின் உப்புச் சாடியைத் திறந்தால் உப்பு கசிந்து நீர்த்துக் கிடப்பதைக் காண்கிறோம். அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் கண்ணுக்குப் புலப்படாமல் கலந்திருந்த நீராவியை உப்பு தன்பால் ஈர்த்துக்கொண்டது, அவ்வளவே. புதிய காலணிப் பெட்டியிலும் மாத்திரைப் புட்டியிலும் சிறு பொட்டலமாக வைக்கப்படும் சிலிக்கா ஜெல் மணிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆயினும், உப்பு பிடித்த நீர் உவர்நீராகி விடுகிறது. சிலிக்கா ஜெல் பிடித்த நீரைத் திரும்பப் பெற வேண்டுமானால் அதனை நன்கு சூடேற்றியாக வேண்டும். ஆக, காற்றிலிருந்து நீரைப் பிடிப்பது அரிதன்று. பிடித்ததை எளிதில் விடச் செய்வதே அரிது.

இந்த அரிய செயலைச் சூரிய வெப்பம் ஒன்றைக் கொண்டே செய்து காட்டிய பொருள் ஒன்றைக் குறித்து நம் இல்லத்தார் அறிந்திருப்பது நலம். 'உலோகக் கரிமச் சட்டகம்' என்பது அதன் பெயர். ஆய்வாளர்கள் சுருக்கமாக எம்.ஓ.எஃப். என்று அழைக்கின்றனர். இவ்வகைப் பொருள்களை உருவாக்கியமைக்காக மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ராப்சன், கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுசுமு கிடகாவா, அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

காற்றும் ஒரு நீர்நிலையே

பூமியைச் சூழ்ந்துள்ள காற்றில் எந்நேரமும் ஏறத்தாழ 12,900 கன கிலோமீட்டர் நீர் ஆவியாகவும் மேகமாகவும் மிதந்துகொண்டிருக்கிறது. உலகின் ஆறுகள் அனைத்திலும் ஒரு நேரத்தில் ஓடும் நீரைப் போல் இது ஆறு மடங்கு. மறுபுறம், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024இல் ஏறத்தாழ 210 கோடி மக்கள் பாதுகாப்பான குடிநீர் வசதியின்றி இருந்தனர். தலைக்கு மேல் இத்தனை நீர் மிதக்க, அதன் கீழே இத்தனை பேர் குடத்துடன் காத்திருக்கின்றனர்.

'காற்றைக் குளிர்வித்தால் நீர் சொட்டுமே, குளிர்சாதனப் பெட்டியின் குழாயில் அதைத்தானே பார்க்கிறோம்?' என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான். வளைகுடாவின் கடற்கரை நகரங்களைப் போல் காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் அம்முறை பயன்தரும். உள்நாட்டுப் பாலையின் நிலைமை வேறு. வெப்பம் 25 பாகை செல்சியசாகவும் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதமாகவும் இருந்தால், அக்காற்றை ஏறத்தாழ உறைநிலை வரை குளிர்வித்தால்தான் முதல் துளி தோன்றும். அதற்கு ஆகும் மின்சாரமோ மிக அதிகம். தண்ணீர்க் குழாயே எட்டாத ஊரில் அத்தனை மின்சாரத்திற்கு எங்கே போவது? எனவேதான், வறண்ட காற்றிலிருந்தும் நீரைப் பற்றி, இலேசான வெப்பத்தில் அதனை விட்டுவிடும் பொருளை அறிவியலாளர் தேடினர்.

மூங்கிற் சாரத்தைப் போல

கட்டடத்திற்கு வெள்ளையடிக்கும்போது கட்டப்படும் சாரத்தை நினைவில் கொள்வோம். மூங்கில்கள் நெடுக்கும் குறுக்குமாய்ச் செல்கின்றன. அவை சந்திக்கும் இடங்களில் கயிற்று முடிச்சுகள். இடையே இருப்பதெல்லாம் வெற்றிடம். உலோகக் கரிமச் சட்டகமும் இத்தகையதே. துத்தநாகம், அலுமினியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களின் அணுக்கள் முடிச்சுகளாகின்றன. கரிமச் சேர்மங்கள், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறுகள், மூங்கில்களாகின்றன. இவை ஒழுங்காகக் கோத்துக்கொண்டு படிகமாக வளர்கின்றன. வெறுங்கண்ணால் பார்த்தால் சாதாரணத் தூள். அதனுள்ளேயோ கோடானுகோடி நுண்ணறைகள். இவ்வகைப் பொருள் சில கிராம் இருந்தால் போதும். அதன் உட்சுவர்களின் மொத்தப் பரப்பு ஒரு கால்பந்து மைதானத்தை நிரப்பும்.

இதன் தனிச்சிறப்பு யாதெனில், அறையின் அளவையும் சுவரின் தன்மையையும் நாமே தீர்மானிக்கலாம் என்பதாகும். மூங்கிலின் நீளத்தைக் கூட்டினால் அறை பெரிதாகும். முடிச்சின் உலோகத்தை மாற்றினால் உறுதி மாறும். எந்தப் பொருளை உள்ளே தங்கவைக்க வேண்டுமோ அதற்கேற்ற அறையைத் திட்டமிட்டே கட்டலாம். இன்றுவரை இத்தகைய சட்டகங்கள் பல்லாயிரக்கணக்கில் உருவாக்கப்பட்டுள்ளன.

மூவர் எழுப்பிய கட்டடம்

1974இல் ராப்சன் தம் மாணவர்களுக்கு மூலக்கூறுகளின் வடிவத்தை விளக்க மரப் பந்துகளில் துளையிடச் செய்து, அவற்றைக் குச்சிகளால் இணைத்துக்கொண்டிருந்தார். துளைகள் சரியான இடத்தில் அமைந்துவிட்டால் கட்டமைப்பு தானாகவே உரிய வடிவத்தைப் பெறுவதைக் கண்டார். உண்மையான மூலக்கூறுகளையும் அவ்வாறே கோக்கலாகாதா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1989இல், தாமிர அயனிகளையும் நான்கு கைகளுடைய ஒரு மூலக்கூற்றையும் இணைத்து, வைரத்தின் அமைப்பை ஒத்த, ஆனால் உள்ளே விசாலமான வெற்றிடங்களுடைய படிகத்தை வெளியிட்டார். அப்படிகம் எளிதில் சரிந்துவிடும் தன்மையுடையதாயிருந்தது.

ஜப்பானின் கிடகாவா தம் ஆய்வுக்கு நிதியுதவி கேட்டபோது, இதனால் என்ன பயன் என்று கூறிக் கைவிரித்தோர் உண்டு. அவர் மனம் தளரவில்லை. 1997இல் அவருடைய குழு உருவாக்கிய சட்டகத்தின் ஊடே மீத்தேன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய வாயுக்கள் புகுந்து வெளியேறின, சட்டகமோ உருக்குலையவில்லை. 1995இல் உமர் யாகி இவ்வகைப் பொருளுக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். 1999இல் அவர் வெளியிட்ட எம்.ஓ.எஃப்-5 என்னும் சட்டகம், உள்ளே ஏதுமின்றி வெறுமையாக இருந்தபோதும் 300 பாகை வெப்பத்தைத் தாங்கி நின்றது. அதன்பின்னரே உலகம் இத்துறையை ஏறிட்டுப் பார்த்தது.

இங்கு ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். வெப்பத்தைத் தாங்கிய அந்த எம்.ஓ.எஃப்-5, காற்றின் ஈரம் பட்டால் சிதைந்துவிடும்! நீரைக் கண்டு அஞ்சும் சட்டகத்தால் நீரை எவ்வாறு பிடிப்பது? உறுதியான சிர்கோனிய முடிச்சுகளைக் கொண்ட சட்டகங்கள் வந்த பிறகே இச்சிக்கல் தீர்ந்தது. 2014இல் யாகியின் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்ட நுண்துளைப் பொருள்களை நீராவியில் சோதித்து, எம்.ஓ.எஃப்-801 என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர்.

அம்மானின் தண்ணீர் நாள்

நீரைத் தேடும் ஆய்வில் உமர் யாகி ஈடுபட்டதற்கு அவருடைய இளமைக் காலமும் ஒரு காரணம் எனலாம். பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில், ஜோர்தான் நாட்டின் தலைநகர் அம்மானில், 1965இல் பிறந்தவர் அவர். சிறிய வீடு, ஒரே அறையில் ஏறக்குறையப் பன்னிரண்டு பேர், அவர்களோடு கால்நடைகளும் இருந்தன. மின்சாரமில்லை, வீட்டினுள் குழாயுமில்லை. தந்தை ஆறாம் வகுப்புடன் கல்வியை நிறுத்தியவர். தாயார் எழுதப் படிக்க அறியாதவர். வாரத்திற்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ சில மணி நேரம் மட்டுமே அப்பகுதிக்குத் தண்ணீர் வரும். அந்நேரத்திற்குள் கையில் கிடைத்த பாத்திரங்களையெல்லாம் நிரப்பியாக வேண்டும். இவற்றை அவரே நேர்காணல்களில் கூறியுள்ளார்.

பத்து வயதில் பள்ளி நூலகத்தில் தற்செயலாக எடுத்த ஒரு நூலில் பந்துகளும் குச்சிகளுமாக வரையப்பட்ட மூலக்கூற்றுப் படங்களைக் கண்டு அவர் மனம் பறிகொடுத்தார். பதினைந்தாம் வயதில் தந்தையார் அவரை மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். கடையில் பொருள்களைப் பையிலிட்டுக் கொடுத்தும், தரையைத் துடைத்தும் பொருளீட்டி அவர் கல்வியைத் தொடர்ந்தார். 1990இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எழுதப் படிக்க அறியாத ஓர் அன்னையின் மகன் நோபல் மேடையில் நின்றதைப் பெற்றோர் யாவரும் எண்ணிப் பார்க்கத் தகும்.

பாலையில் நடந்த சோதனைகள்

2017இல் யாகியின் குழுவும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியியல் பேராசிரியை ஈவ்லின் வாங்கின் குழுவும் இணைந்து முதல் கருவியை அறிவித்தன. அதன் செயல்முறை எளிது. இரவில் மூடியைத் திறந்து வைத்தால் சட்டகத்தூள் காற்றின் ஈரத்தைப் பற்றிக்கொள்ளும். பகலில் மூடிவிட்டால் வெயிலின் சூட்டில் அந்நீர் ஆவியாகி வெளியேறும். வெளியேறிய ஆவி, பெட்டியின் குளிர்ந்த பகுதியில் துளித்துளியாய்ப் படியும். மின்சாரமும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம்.

அதே ஆண்டின் இறுதியில் அரிசோனா பாலையில் பெர்க்லி குழுவினர் வேறொரு பெட்டியைச் சோதித்தனர். அங்கு ஈரப்பதம் இரவில் 40 சதவீதம் வரை உயர்ந்து, பகலில் 8 சதவீதமாகத் தாழ்ந்தது. ஒரு கிலோ எம்.ஓ.எஃப்-801 நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் நீரைத் தந்தது. ஒரு குவளை நீர்தான். ஆயினும் பாலையின் வறண்ட காற்று தந்த குவளை நீர்.

சிர்கோனியம் விலை மிகுந்தது. ஆகவே மலிவான அலுமினியத்தைக் கொண்டு எம்.ஓ.எஃப்-303 உருவாக்கப்பட்டது. 2019இல் மொகாவே பாலையில் நடந்த சோதனையில், நாளொன்றுக்குப் பன்முறை நீரைப் பற்றி விடும்படி, சூரிய மின்தகட்டால் இயங்கும் கருவியில் இது வைக்கப்பட்டது. இம்முறை ஒரு கிலோவுக்கு 0.7 லிட்டர் நீர் கிட்டியது.

இச்சட்டகத்தினுள் நீர் நுழையும் முறை சுவையானது. முதலில் வரும் சில நீர் மூலக்கூறுகள் அறையின் குறிப்பிட்ட இடங்களில் வலுவாக அமர்கின்றன. பின்னர் வருபவை அவற்றைப் பற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று கைகோத்து அறையை நிரப்புகின்றன. பெரும்பாலான நீர் சுவரோடு ஒட்டாமல் நீரோடு நீராகவே நிற்பதால், இலேசான சூட்டில் வெளியேறிவிடுகிறது. சுவரின் பிடி மிகத் தளர்ந்தால் வறண்ட காற்றில் நீர் சிக்காது; மிக இறுகினால் சிக்கிய நீர் மீளாது. இந்த நடுநிலையை அணுவளவில் அமைத்ததே இந்த ஆய்வின் உண்மையான வெற்றியாகும்.

இதே நுட்பம் வேறு துறைகளுக்கும் உதவுகிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஷிமிசுவின் குழுவினர் உருவாக்கிய கால்ஃப்-20 என்ற சட்டகம், ஈரமான புகையிலிருந்தும் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கிறது. சிமெண்ட் ஆலைப் புகையில் இது சோதிக்கப்பட்டுள்ளது. ஒரு சட்டகம் நீரைத் தேடிப் பற்றுகிறது. மற்றொன்று நீரை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பற்றுகிறது. அறையைக் கட்டியவரின் நோக்கத்திற்கேற்ப விருந்தினர் அமைகின்றனர்.

இன்னும் கடக்க வேண்டியவை

நற்செய்தி என்பதற்காக மிகையாக நம்பிவிடலாகாது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு 10 லிட்டர் வேண்டும் என்று கொள்வோம். மொகாவே பாலையில் கிடைத்த அளவின்படி அதற்கு ஏறத்தாழ 14 கிலோ சட்டகத்தூள் தேவை. குளிக்கவும் துவைக்கவும் பயிருக்குப் பாய்ச்சவும் இம்முறை போதாது. தூளைப் பேரளவில், குறைந்த விலையில் தயாரித்தல், பல்லாண்டுகள் பழுதின்றி உழைக்கச் செய்தல், பாலையின் புழுதியிலிருந்து காத்தல், வெப்பத்தை வீணாக்காமல் பயன்படுத்துதல் ஆகிய யாவும் வேதிப் பொறியியலாளர்களின் முன்னுள்ள பணிகள். ஆய்வுக்கூடத்தில் ஒரு கிராம் பொருளைப் படைப்பது வேதியியலாளரின் திறன். அதனை ஏழையின் வாசலுக்குக் கொண்டுசேர்ப்பது பொறியியலாளரின் திறன். இரண்டாவது பணியே பெரும்பாலும் நீண்டகாலம் பிடிக்கிறது.

காற்றிலிருந்து நீர் தரும் கருவி என்று விளம்பரம் செய்யப்படும் எதையும் வாங்குமுன், அது எவ்வளவு ஈரப்பதத்தில் எத்தனை லிட்டர் தரும், அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்ற இரண்டு வினாக்களைக் கேட்பது அறிவுடைமை. கடலோர ஈரக் காற்றில் காட்டிய கணக்கு வறண்ட நிலத்திற்குப் பொருந்தாது.

குழாயும் கிணறும் உள்ள ஊர்களுக்கு இப்பொருள் இன்றியமையாததன்று. ஆறில்லாத, நிலத்தடி நீர் உவர்த்துப்போன, கடலும் எட்டாத ஊர்களுக்கே இதன் அருமை புரியும். அங்குதான் பெண்களும் சிறுவர்களும் ஒரு குடம் நீருக்காகப் பகலின் பாதியைச் செலவிடுகின்றனர். சிறுமியரின் பள்ளிப் படிப்பு நின்றுபோவதும் உண்டு. அத்தகைய இல்லமொன்றின் கூரை மீது ஒரு பெட்டி இருந்து, அந்தி சாயும்போது குடிக்கும் அளவுக்கேனும் நீரைத் தந்துவிடுமானால், அவ்வீட்டுச் சிறுமி மறுநாள் குடத்தை விட்டுப் புத்தகத்தைக் கையிலெடுப்பாள். இந்த ஆய்வு வென்றதா என்பதை அந்நாளே சொல்லும்.