703 ஹோம் ரன்: ஆல்பர்ட் புஹோல்ஸை வைத்து பேஸ்பால் புரிந்துகொள்வோம்

டி.வி.யில் பேஸ்பால் ஓடுகிறது. யார் எதற்கு ஓடுகிறார்கள் என்றே புரியாமல் சேனலை மாற்றிவிடுகிறீர்களா? ஒரே ஒரு ஆட்டக்காரரின் கதை தெரிந்தால் போதும், பாதி ஆட்டம் பிடிபட்டுவிடும்.

யார் அவர்?

ஆல்பர்ட் புஹோல்ஸ். 1980-ல் டொமினிக்கன் குடியரசில் பிறந்து, பதின்பருவத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1999-ல் நடந்த டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் ஏற்பாடு) அவருக்கு முன்பே 401 பேரை எடுத்துவிட்டார்கள். 402-ஆவதாக செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி அவரை எடுத்தது. 2001-ல், முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார்.

எந்த இடத்தில் ஆடினார்?

முதல் பேஸில். மைதானத்தின் உள்பகுதி ஒரு சதுரம். அதன் நான்கு முனைகளும்தான் பேஸ்கள். பந்தை அடித்தவர் முதலில் ஓட வேண்டியது 90 அடி தள்ளியுள்ள முதல் பேஸுக்கு. தரையில் உருண்ட பந்தை யாராவது எடுத்து அங்கே எறிவார்கள். முதல் பேஸ் ஆட்டக்காரர் பேஸில் கால் வைத்தபடி அதைப் பிடித்துவிட்டால், அதற்குள் வந்து சேராத மட்டையாளர் அவுட்.

வெறும் பந்து பிடிக்கும் வேலைதானே?

கேட்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அவசரத்தில் எறியும் பந்து பல நேரம் மண்ணில் குத்தித்தான் வரும். ஒரு காலை பேஸின் ஓரத்தில் ஊன்றி, மறுகாலை முடிந்தவரை நீட்டி, அதை அள்ளி எடுக்க வேண்டும். அதற்காகவே முதல் பேஸ் ஆட்டக்காரரின் கையுறை மற்றவர்களுடையதைவிட நீளமாக, தனித்தனி விரல்கள் இல்லாமல் இருக்கும். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை புஹோல்ஸ் 2006, 2010 என இரண்டு முறை பெற்றார்.

இன்னொன்றும் உண்டு. இந்த இடத்தில் ஓட்டம் குறைவு. அதனால் வேகம் குறைந்தாலும் பலமாக அடிப்பவர்களை அணிகள் இங்கே நிறுத்தும். மூன்றாம் பேஸ், வெளிமைதானம் என்று பல இடங்களில் ஆடிய புஹோல்ஸும் 2004-லிருந்து இங்கே நிலைத்தார்.

அவருடைய எண்களை எப்படிப் படிப்பது?

மூன்றைப் பாருங்கள். முதலாவது சராசரி: பத்து வாய்ப்பில் மூன்று முறை அடித்து பேஸ் சேர்ந்தால் .300. கிரிக்கெட்டில் 50 சராசரிக்கு உள்ள மரியாதை இதற்கு உண்டு. இரண்டாவது ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடித்து, நான்கு பேஸையும் சுற்றி வருவது). மூன்றாவது ஆர்பிஐ (அவர் அடித்ததால் அணிக்குக் கிடைத்த ரன்கள்).

முதல் பத்து சீசன்களில் ஒவ்வொன்றிலும் .300 சராசரி, 30 ஹோம் ரன், 100 ஆர்பிஐ ஆகிய மூன்றையும் தாண்டினார். 2011-ல் .299, 99 என்று மயிரிழையில் தவறியது. ஆனால் அதே ஆண்டு உலகத் தொடரின் (இறுதிப் போட்டித் தொடர்) ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் அதைச் செய்தவர்கள் பேப் ரூத், ரெஜி ஜாக்சன் இருவரே. கோப்பையும் கார்டினல்ஸுக்கு வந்தது.

பிறகும் அப்படியே ஆடினாரா?

இல்லை. ஏஞ்சல்ஸ் அணி பத்து ஆண்டுக்கு 24 கோடி டாலர் பேசி அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஒரு சீசனில்கூட சராசரி .300-ஐத் தொடவில்லை. கால் வலி, வயது, குறைந்த வேகம். ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021 மே மாதம் அவரை விடுவித்தார்கள். ஒரே அடியில் இரண்டு பேர் அவுட் ஆகும் டபுள் பிளேயில் அதிக முறை (426) சிக்கியவரும் இவர்தான். ஆகவே எந்த ஆட்டக்காரரையும் மொத்தக் கணக்கை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள், ஆண்டுவாரியாகப் பாருங்கள்.

42 வயதில் மீண்டும் எப்படி?

2022-ல் கார்டினல்ஸ் ஆடும் நேஷனல் லீகிலும் ‘நியமன மட்டையாளர்’ (தடுப்பாட்டம் ஆடாமல் மட்டை மட்டும் பிடிப்பவர்) முறை நிலையாக வந்தது. அந்த வழியில் கார்டினல்ஸுக்கே திரும்பினார். செப்டம்பர் 23 இரவு லாஸ் ஏஞ்சலஸில் 699, 700-ஆவது ஹோம் ரன்கள் இரண்டையும் அடித்தார். 703-உடன் ஓய்வு. ஹோம் ரன் பட்டியலில் அவருக்கு மேலே பாண்ட்ஸ், ஏரன், ரூத் மூவர்தான்.

இனி ஆட்டம் பார்க்கும்போது என்ன கவனிக்கலாம்?

பந்து உருண்டால் முதல் பேஸில் நிற்பவரின் காலைப் பாருங்கள். பல தகராறுகள் அங்கேதான். ஸ்கோர் அட்டையில் ‘6-3’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம். 3 என்பது முதல் பேஸ் ஆட்டக்காரரின் எண். 6 ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்). ஆறாமவர் எடுத்து எறிய, மூன்றாமவர் பிடித்தார் என்று பொருள். கோடையில் நியூயார்க்கில் மாலை 7 மணி ஆட்டம் என்றால் இந்தியாவில் மறுநாள் அதிகாலை 4.30. லாஸ் ஏஞ்சலஸில் மாலை 7 மணி என்றால் நமக்குக் காலை 7.30, காபியோடு பார்க்கலாம்.

புஹோல்ஸுக்கு அடுத்து என்ன?

ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு கழிந்த பிறகே ஒருவர் பெயர் புகழ் மண்டபத் தேர்தலில் வரும். அவருடைய முறை 2028. வாக்களிக்கும் பேஸ்பால் செய்தியாளர்களில் 75 சதவீதம் பேர் ஆதரித்தால் போதும்.