கையில் ஒரு காசும் இல்லை

‘நாட் எ சென்ட் டு ஹிஸ் நேம்’ என்னும் ஆங்கில மரபுத்தொடரை, ‘அவர் பெயருக்கு ஒரு காசும் இல்லை’ என மாணவர் சிலர் பெயர்த்தெழுதுகின்றனர். இங்கே ‘நேம்’ உடைமையைக் குறிக்கும்; தாத்தா பெயரில் நிலம் உள்ளது என்று நாம் சொல்வதில்லையா? ‘சல்லிக்காசும் இல்லாதவர்’ என்பதே பொருள். இங்கிலாந்தில் ‘சென்ட்’ இருக்குமிடத்தில் ‘பென்னி’ வரும்.

சிங்கப்பூரின் ஒரு காசு நாணயம் 1967இல் வெளிவந்து 2002இல் நிறுத்தப்பட்டது; தொடர் மட்டும் நிற்கவில்லை.

தேக்கா சந்தையில் பணப்பையை மறந்து நிற்பவர் இதைக் கூறலாகாது. அவருக்கு வீட்டிலே பணம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்து, கப்பற்கட்டணத்துக்கும் வழியின்றி நின்ற நம் முன்னோர்க்கே இது பொருந்தும்.