தில்லை மரம் எங்கே?

சிதம்பரம் சென்று ஆடவல்லானைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்கள் பல்லாயிரவர். அத்தலத்துக்குத் தில்லை என்னும் திருநாமம் ஒரு மரத்தினால் வந்தது என்பதையும் அவர்கள் அறிவர். ஆனால், "அந்த மரம் எங்கே?" என்று கேட்போர் எத்தனை பேர்? தில்லைவனத்தைக் காண வேண்டுமாயின், ஊரிலிருந்து கிழக்கே சுமார் 10 மைல் சென்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கடலோரத்தில் உள்ள பிச்சாவரத்தை அடைதல் வேண்டும்.

படகேறி ஓடைக்குள் நுழைந்தால் இருமருங்கிலும் தண்ணீரிலேயே நிற்கும் காடு! பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர். தில்லையின் இலைகள் உதிருமுன் செந்நிறம் கொள்ளும். ஒடித்தால் வடியும் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே அபாயம். சுரபுன்னை தன் வித்தைத் தாய்மரத்திலேயே முளைக்க வைத்துப் பின்னரே சேற்றில் விழவிடுகிறது. வெண்கண்டலோ, காற்றில்லாச் சேற்றிலிருந்து வேர்களை ஈட்டிமுனைகள் போல மேலே நீட்டிச் சுவாசிக்கிறது. உட்சென்ற உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது. இவ்வேர்களின் நிழலில் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவற்றைக் கையால் துழாவிப் பிடித்து ஜீவனம் நடத்தும் இருளர் மக்களுக்கு இக்காடே வயல்.

இத்தகைய செல்வத்தை நாம் காத்த விதம் பெருமைக்குரியதன்று. அந்நியர் ஆட்சியில், காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுக்கும் முறை புகுந்தது. தானே மீண்டும் வளரும் என்று எண்ணினார்கள். வெயில் பட்ட சேற்றுநிலம் நீர் வற்றித் தாழ்ந்தது; பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியாயிற்று; எஞ்சிய உப்பில் ஒரு செடியும் முளைக்கவில்லை. சுயராஜ்யம் வந்த பின்னும் இவ்வழக்கம் 1970-களின் இடைக்காலம் வரை நீடித்தது என்பதே வருத்தம்.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களைத் துணைகொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. அலைநீர் வந்து போகலாயிற்று, உப்புக் குறைந்தது, நட்ட கன்றுகள் தழைத்தன. 26-12-2004 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் பின்னே இருந்த குடியிருப்புகள், வெட்டவெளியில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதமே அடைந்தன. கடலிலிருந்து அவை தள்ளியிருந்ததும் ஒரு காரணமே. எனினும் அலையின் வேகத்தை மரங்கள் தணித்தன என்பதை அங்கு உயிர்பிழைத்தோர் மறக்கமாட்டார்கள்.

2022-ஆம் ஆண்டில் உலகப் பெருமை வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் பிச்சாவரமும் சேர்க்கப்பட்டது. பட்டம் வந்தது மகிழ்ச்சியே. ஆனால் பட்டத்தினால் மட்டும் மரம் வளராது. ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலந்தாலன்றி இக்காட்டுக்கு வாழ்வில்லை. மேலே உள்ள அணைகளில் நீர் தேங்கிக் கடைமடைக்கு வரும் நன்னீர் குறையக் குறைய, உப்பு மீண்டும் தலைதூக்கும். கடலில் சேரும் தண்ணீரெல்லாம் வீண் என்று பேசுவோர் இதைச் சிந்திப்பார்களாக.

அடுத்த முறை சிதம்பரம் செல்லும்போது குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பிச்சாவரம் வரை செல்லுங்கள். கோயிலைக் காத்த நாம், அதற்குப் பெயர் தந்த வனத்தையும் காப்போமா என்பதை அவர்களே நம்மைக் கேட்கட்டும்.