படுக்கையோரப் பள்ளிக்கூடம்

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனில் ரெயிலை விட்டு இறங்குகிறவர்கள் வாசலுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் பஸ்ஸையும் மெட்ரோவையும் தேடிப் போகும். இன்னொரு கூட்டம், கையிலே ஒரு மஞ்சள் பை, பைக்குள்ளே எக்ஸ்ரே படமும் பழைய மருந்துச் சீட்டுகளும், துணைக்கு ஓர் ஆள் என்று சாலையின் எதிர்ப்புறம் போகும். அங்கேதான் இருக்கிறது பெரியாஸ்பத்திரி. 2011 முதல் அதற்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று பெயர். ஆனாலும் ஜனங்களின் வாயில் அது இன்னும் 'ஜி. எச்.'தான்.

காலை எட்டு மணிக்கு அதே வாசலில் மூன்றாவது கூட்டம் ஒன்றும் நுழைகிறது. மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, கழுத்திலே ஸ்டெதாஸ்கோப், முகத்திலே பாதித் தூக்கம். இவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவ மாணவிகள். நோயாளிகள் வைத்தியத்தை நாடி வருகிறார்கள். இவர்களோ நோயாளிகளை நாடி வருகிறார்கள். புத்தகத்தில் படித்த வியாதியை மனித உடம்பில் கண்டு, தொட்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எவரும் டாக்டராகிவிட முடியாதே!

கோட்டையில் பிறந்தது

இந்த ஆஸ்பத்திரியின் வயது மூன்றரை நூற்றாண்டுக்கு மேல். 1664 நவம்பர் மாதம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. 1772ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1835 பிப்ரவரி 2ஆம் தேதி, அதை ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி பிறந்தது. 1850ல் அது கல்லூரியாயிற்று.

லண்டனிலேயே பெண்களை டாக்டராக்கத் தயங்கிக்கொண்டிருந்த காலம். 1875ல் மேரி ஷார்லீப் என்ற மாதையும் வேறு மூன்று பெண்களையும் இந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1907ல் சேர்ந்து 1912ல் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பிற்காலத்தில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்ததைத் தமிழ்நாடு அறியும். இன்று ஆண்டுதோறும் 250 பேர் இங்கே சேருகிறார்கள். 1819ல் தொடங்கிய எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி, 1844ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி எல்லாம் இவர்களுக்கு வகுப்பறைகளே.

படிப்பு நாலரை வருஷம். அதன்பின் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் வேலை. முன்பெல்லாம் முதல் வருஷ மாணவர் நோயாளியின் பக்கமே போகமாட்டார். 2019ல் வந்த புதிய பாடத்திட்டம் அதை மாற்றிவிட்டது. நோயாளியைப் பார்ப்பதும் அவரிடம் பேசுவதும் இப்போது முதல் வருஷத்திலேயே ஆரம்பமாகின்றன.

'சீஃப்' வருகிறார்!

வார்டில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தலைவர் உண்டு. மாணவர் பாஷையில் அவர் 'சீஃப்'. அவர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன், ஆளுக்கு ஒரு நோயாளியாகப் பிரித்துக்கொண்டு கேஸ் எடுத்தாக வேண்டும். என்ன உபாதை? எத்தனை நாளாக? என்ன தொழில்? குடிதண்ணீர் எங்கிருந்து? இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்காக விடை வாங்கினாலே பாதி நோய் பிடிபட்டுவிடும் என்பது வார்டின் பழைய பாடம்.

அடுத்தது உடம்பைச் சோதிப்பது. பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்று அதற்கு நான்கு படிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? இடது விலாவுக்கு அடியில்தானே மண்ணீரல் என்று நேரே அங்கே கையை வைக்கக் கூடாது. வீக்கம் மிகப் பெரிதானால் அது வயிற்றைக் குறுக்கே தாண்டி வலது அடிவயிறு வரை வந்திருக்கும். மேலே கை வைத்தவர் வீக்கத்தின் நடுவிலேயே கை வைத்துவிட்டு, 'வீக்கம் இல்லை' என்று எழுதிவிடுவார்! ஆகவே வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, நோயாளி மூச்சு இழுக்க இழுக்க, விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்த வேண்டும். இதைப் படமாகப் பத்துத் தடவை பார்த்தாலும் விரலுக்குப் புரியாது. ஒரு தடவை கைக்குத் தட்டுப்பட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

கறுப்புப் பொருக்கு

ஓர் உதாரணம். வயல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் எட்டு நாள் காய்ச்சலோடு வந்து படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் மார்கழி. ரத்தச் சோதனையில் இன்னும் ஒன்றும் தெளிவாகவில்லை. மாணவர் அவரிடம் பக்குவமாகச் சொல்லி, சட்டையைக் கழற்றச் செய்து, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறார். அக்குளிலே சிகரெட் சுட்டாற்போல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு! வலியில்லாததால் பெரியவருக்கே அது தெரியாது.

செடி கொடிகளிலே இருக்கும் கண்ணுக்கு எளிதில் தென்படாத உண்ணியின் குஞ்சு கடித்த இடம் அது. நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். மழைக்காலத்தை அடுத்த குளிர் மாதங்களில் தமிழ்நாட்டில் இது அதிகம். விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே பெரும்பாலும் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கவனியாமல் விட்டாலோ நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரையே வாங்கிவிடலாம். எல்லா நோயாளிகளிடத்திலும் இந்தப் பொருக்கு இருக்காது. ஆனால், இருந்தும் பாராமல் விட்டால் அது யார் குற்றம்?

யாருடைய உடம்பு?

இதுவரை சொன்னதெல்லாம் மாணவர் பக்கத்து நியாயம். கட்டிலில் இருப்பவர் பக்கத்து நியாயமும் ஒன்று உண்டல்லவா?

காசு உள்ளவர் தனி அறையில் படுத்துக்கொள்கிறார். அவர் வயிற்றைப் பத்துப் பேர் தொட்டுப் பார்ப்பதில்லை. அரசு ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கும் ஏழையின் வயிற்றைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். நாளைக்கு ஊருக்கெல்லாம் வைத்தியம் செய்யப்போகும் டாக்டரின் விரல்கள் இன்று பழகுவது இவருடைய உடம்பில். அவராக விரும்பிக் கொடுக்காவிட்டால் அது கல்வியாகாது, பலவந்தம் ஆகிவிடும்.

ஆகவே நல்ல ஆசிரியர் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் மண்ணீரலைப் பற்றியது அல்ல. "ஐயா, நான் மாணவன். உங்களைச் சோதித்துப் பார்க்கலாமா?" என்று கேட்பதே முதல் பாடம். அவர் வேண்டாம் என்றால் கும்பிடு போட்டு நகர வேண்டும். அதனால் அவருடைய சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையலாகாது. திரையை இழுத்துவிட வேண்டும். பெண் நோயாளி என்றால் கூட ஒரு பெண் இருக்க வேண்டும். வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொட வேண்டும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றில் வைக்க வேண்டும். இதில் தயவும் இருக்கிறது, சாஸ்திரமும் இருக்கிறது. ஜில்லென்ற கை பட்டால் வயிற்றுத் தசை இறுகிவிடும். உள்ளே இருப்பது எதுவும் கைக்கு அகப்படாது.

ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1816ல் பாரிஸ் நகரில் லென்னெக் என்ற டாக்டர், ஓர் இளம் பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசினார். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். காதால் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது! நோயாளியின் மானத்தை மதித்ததில் வைத்தியத்துக்கு ஒரு கருவி கிடைத்தது.

ரப்பர்க் கையும் மனிதக் கையும்

ஊசி குத்தவும், தையல் போடவும், நின்ற மூச்சை மீட்கவும் இப்போது ரப்பர்க் கைகளும் பொம்மை உடல்களும் வந்துவிட்டன. முதல் தப்புகளை அங்கே செய்துவிட்டு வார்டுக்கு வருவதே நியாயம். ஆனால் பொம்மைக்கு வலிக்காது; பயப்படாது; 'என் பிள்ளையைப் போல இருக்கிறாயே' என்று சொல்லாது. 2020ல் கொரோனா வந்து கல்லூரிகள் மாதக்கணக்கில் மூடியபோது, மாணவர்கள் வீட்டிலிருந்தே திரையில் பாடம் கேட்டார்கள். பாடம் நடந்தது, வார்டு மட்டும் இல்லை. திரையில் யாருடைய வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது?

கற்றதெல்லாம் கையில் நிற்கிறதா என்று காட்டுவது ஹவுஸ் சர்ஜன் வருஷம். யூனிட்டின் அட்மிஷன் நாள் இரவில் படுக்கை நிரம்பிப் பாயும் நிரம்பும். ரத்தம் எடுப்பது, டிரிப் ஏற்றுவது, கேஸ் ஷீட் எழுதுவது, 'அப்பாவுக்கு எப்படி இருக்கு டாக்டர்?' என்று ஓடிவரும் மகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில். அந்த நேரத்திலும் "அம்மா, கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுக்கிறவர் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வார்டில் வெகுநாள் இருக்கும் நோயாளிகளுக்கு மாணவரின் பாடம் பாதி மனப்பாடமாகிவிடும். இதயத்தின் வால்வு சுருங்கியவர்களிடம் கேட்கும் மெல்லிய முரமுரப்பு, அவர்கள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போதுதான் நன்றாகக் காதில் விழும். பரீட்சை நாள். நடுங்கும் கையோடு ஒரு மாணவர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து வைத்துப் பார்க்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது. பரீட்சை அதிகாரி அடுத்த கட்டிலில் இருக்கிறார். படுத்திருக்கும் அம்மாள் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள். மெதுவாகக் கேட்கிறாள்:

"தம்பி, இடது பக்கம் திரும்பிப் படுக்கட்டுமா?"