இடுப்பு எலும்பின் அயர்வு முறிவு: சொல்லும் பொருளும்

எலும்பு முறிவு என்றவுடன் விழுதலையும் மோதுதலையுமே நாம் எண்ணுகிறோம். இவையின்றியும் எலும்பு முறிவதுண்டு. இதனை ‘அழுத்த முறிவு’ என வழங்குகின்றனர். ‘அழுத்தம்’ என்பது ஒரேமுறை விழும் பெருஞ்சுமையையும் குறிக்கக்கூடும். இங்குக் கருதப்படுவதோ, சிறு சுமையை எலும்பு ஆயிரக்கணக்கான முறை தாங்குவதால் நேரும் நலிவு. கம்பியைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிவதை ஒப்பது. எனவே ‘அயர்வு முறிவு’ என்னும் சொல்லே பொருத்தமுடையது எனக் கருதுகிறோம்.

1855இல் பிரஷ்யப் படைமருத்துவர் பிரைதௌப்ட், நெடுந்தொலைவு நடந்த வீரர்களின் பாதங்களில் தோன்றிய வலியையும் வீக்கத்தையும் விவரித்தார். 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட பின்னரே அது எலும்பு முறிவு எனத் தெளிவாயிற்று.

எலும்பு உயிருள்ள பொருள். பயிற்சி மிகும்போது பழைய எலும்பு முதலில் அரிக்கப்பட்டுப் பின்னர்ப் புதியது படிகிறது. அரிப்புக்குச் சில வாரங்கள் போதும். புதியது உறுதிபெறப் பல மாதங்கள் வேண்டும். இவ்விடைவெளியில் ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டுவோரும், உழைப்புக்கேற்ற உணவு கொள்ளாதோரும், மாதவிடாய் தடைப்பட்ட வீராங்கனைகளும் இம்முறிவுக்கு எளிதில் ஆளாகின்றனர்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலையைத் தண்டுடன் இணைக்கும் பகுதி ‘கழுத்து’ எனப்படும். உடல் எடையைத் தாங்கும்போது அதன் கீழ்ப்புறம் நெருக்கப்படுகிறது, மேற்புறம் இழுக்கப்படுகிறது. கீழ்ப்புறத்துச் சிறு விரிசல் ஊன்றுகோலாலும் ஓய்வாலும் பெரும்பாலும் கூடிவிடும். மேற்புறத்து விரிசலோ பிளந்து விலகக்கூடியது. அதனைத் திருகாணியிட்டுப் பொருத்தும் அறுவை மருத்துவம் பெரும்பாலும் தேவைப்படும். எலும்பு விலகிவிட்டால் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்பட்டு, மூட்டே பழுதாகலாம்.

இங்குச் சொல்லாட்சி குறுக்கிடுகிறது. ‘இடுப்பு’ என்னும் நம் சொல் இடையையும் இடுப்பு மூட்டையும் ஒருங்கே சுட்டும். பேச்சில் முதுகின் அடிப்பகுதியையும் தழுவும். இம்முறிவின் வலியோ பெரும்பாலும் தொடையிடுக்கின் முன்புறத்தில் தோன்றும். சிலருக்குத் தொடையிலோ முழங்காலிலோ தோன்றும். ஆதலால் ‘தசைப்பிடிப்பு’ எனக் கருதி மாணவரை மீண்டும் ஓடவிடுவோர் உளர்.

‘இடுப்பு வலி’ என்னும் மாணவரிடம் வலிக்கும் இடத்தை விரலால் சுட்டச் சொல்லுங்கள். தொடையிடுக்கைச் சுட்டி, ஓடினால் மிகுகிறது, ஓய்ந்தால் குறைகிறது என்றால், பயிற்சியை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். தொடக்கத்தில் எக்ஸ் கதிர்ப்படம் குறையின்றித் தோன்றலாம்; எம்.ஆர்.ஐ. படமே விரிசலைத் தெளிவாகக் காட்டும். எனவே மாணவரும் மருத்துவரிடம் ‘இடுப்பு’ என்று மட்டும் கூறாமல், வலிக்கும் இடத்தையும், அது மிகும் நேரத்தையும், அண்மையில் கூட்டிய பயிற்சியின் அளவையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.